வேலியோரம் கிடைத்த ஆமைக் குஞ்சை என்ன செய்வது?

மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் பழைய கிளுவை முள்செடி வேலியைப் பொக்லைன் விட்டு எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடும் வேலை நடக்கிறதாம். நேற்று மத்தியானம், வேரோடு புரண்ட மண்ணில் ஒரு ஆமைக் குஞ்சு கிடைத்திருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. முதுகில் மஞ்சள் பட்டைகள். வீட்டுக்குக் கொண்டு வந்து அரை வாளித் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். சோறு போட்டார்கள், தின்னவில்லை. ஐந்தாவது படிக்கும் மகள் வளர்த்தே தீருவேன் என்கிறாள். ஆத்தாவோ, ஆமை புகுந்த வீடு உருப்படாது, கொண்டு போய்க் குளத்தில் போட்டுவிட்டு வா என்கிறார். தாய் இல்லாமல் பிழைக்குமா, என்ன தின்னக் கொடுப்பது, வளர்க்கலாமா? இவைதான் தம்பியின் கேள்விகள்.

தம்பி, மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அதை வாளியிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது நட்சத்திர ஆமை. தரையில் வாழ்கிற ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் காற்றால் கொஞ்ச நேரம் மிதக்கும், காலை உதறும், பார்ப்பவர்களுக்கு நீந்துவது போலவே இருக்கும். களைத்ததும் மூக்கு தண்ணீருக்குள் போய்விடும். குஞ்சு ஆமையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் கையிலேயே அது சாவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இந்த வாளிதான். ஆமை என்றால் தண்ணீர் என்று நம் மனதில் பதிந்து போயிருக்கிறது. ஆத்தா குளத்தில் போடச் சொல்வதும் அந்த எண்ணத்தில்தான்.

எடுத்த பிறகு தலை தொங்கிக் கிடந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, தலைப்பக்கம் கீழே சரிந்திருக்கும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கழுத்தை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள். உள்ளே போன தண்ணீர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வடியும். உலுக்கக் கூடாது. அசைவில்லாமல் கிடந்தாலும் செத்துவிட்டது என்று உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆமையின் உயிர் நிதானமாகப் போகும், நிதானமாகவே திரும்பியும் வரும். காய்ந்த துணியில் வைத்து மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

சரி, இப்போது அதன் காலைப் பாருங்கள். எந்த ஆமை என்பதை முதுகைவிடக் காலே தெளிவாகச் சொல்லும். யானைக் கால் போலத் தடித்து, உருண்டு, செதில் செதிலாக இருந்தால் தரை ஆமை. விரல்களுக்கு நடுவே வாத்துக் கால் போலச் சவ்வு இருந்தால் நீராமை. நட்சத்திர ஆமைக் குஞ்சின் ஓட்டில், ஒவ்வொரு கட்டத்திலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போல மஞ்சள் பட்டை இருக்கும். பெரியதிடம் நாம் பார்க்கிற நட்சத்திரக் கதிர்கள் வளர வளரத்தான் தெளியும். அதனால் நட்சத்திரம் தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

நம் பக்கம் கிணற்றிலும் குட்டையிலும் வாய்க்காலிலும் கிடைப்பது பெரும்பாலும் பால் ஆமை. ஓடு கெட்டியாக இல்லாமல் தோல் போர்த்தியது போல இருக்கும், மூக்கு பன்றி மூக்கு போல நீண்டிருக்கும். இன்னொன்று காராமை. முதுகு கறுத்து, நீளவாக்கில் மூன்று மேடு ஓடும். இவை இரண்டும் நீராமைகள், பிடித்த குட்டையிலேயே விடலாம். கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள பச்சை ஆமை என்றால் அது நம் நாட்டு ஆமையே அல்ல. மீன் தொட்டிக் கடையில் விற்கிற அமெரிக்க ஆமை. அதை மட்டும் எந்தக் குளத்திலும் விடாதீர்கள், நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இனி நான் சொல்வதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் தரை ஆமைக்கு.

தாய் இல்லாமல் பிழைக்குமா என்று கேட்டீர்கள். உங்கள் மகளின் மனதை உறுத்துவதும் இதுவாகத்தான் இருக்கும். ஆமைக் குஞ்சு தாயின் முகம் பார்த்தே வளரும் என்ற நம்பிக்கை நம்மிடம் வெகு காலமாக உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நடப்பது வேறு. தாய் ஆமை முட்டையிட இடம் தேர்ந்தெடுக்கும். தரை கெட்டியாக இருந்தால் தன் சிறுநீரை விட்டு மண்ணை இளக்கும். பின்னங்கால்களால் மாற்றி மாற்றிக் குழி பறித்து, சில முட்டைகளை இட்டு, மண்ணை மூடி, வயிற்றாலேயே அழுத்திச் சமப்படுத்திவிட்டுப் போய்விடும். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. மண்ணின் சூடே அடைகாக்கும். மண் எவ்வளவு சூடோ அதைப் பொறுத்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். குஞ்சு பொரிந்த பிறகும் மேல்மண் கெட்டியாக இருந்தால் உள்ளேயே காத்திருக்கும், மழை பெய்து மண் இளகியதும் கிளறிக்கொண்டு வெளியே வரும். ஐப்பசி மழை விழுந்த கையோடு உங்கள் கண்ணில் பட்டதற்குக் காரணம் அதுதான்.

வெளியே வந்த நிமிடத்திலிருந்து அது தனி ஆள். என்ன தின்பது, எங்கே ஒளிவது, வெயில் எப்போது காய்வது, எல்லாம் பிறக்கும்போதே அதனிடம் இருக்கிறது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் கண்டெடுத்தது அநாதைக் குழந்தையை அல்ல. உங்களையும் என்னையும் அதற்குத் தேவையில்லை. வேலிதான் தேவை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் எல்லாம் மழை குறைந்த சீமை. கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. நாம் இதைக் காங்கயம் மாட்டுக்கும் செம்மறி ஆட்டுக்கும் ஏற்படுத்திய மேய்ச்சல் நிலமாக மட்டும் நினைக்கிறோம். ஆமைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. கிளுவை வேலி பல தலைமுறை பழையதாக இருந்தால் அடிப்பக்கம் நன்றாகப் பரந்து, சருகு சேர்ந்து, வெளியே மண் கொதிக்கும்போதும் உள்ளே தணுப்பாக இருக்கும். பனி ஈரம் அங்கே தங்கும். நாய் வாய் நுழையாது, பருந்து இறங்க முடியாது. காலையிலும் சாயங்காலமும் குஞ்சு வேலியிலிருந்து நாலு அடி வெளியே வந்து புல் கடித்துவிட்டு, வெயில் ஏறினால் உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் வேலி அடைந்த பழைய இட்டேரிப் பாதைகளும் அப்படித்தான். நான் சின்னப் பையனாக இட்டேரி வழியே பள்ளிக்கூடம் போன காலத்தில் மழை விட்ட காலைகளில் ஆமை குறுக்கே போகும், நாங்கள் நின்று வழி விட்டுவிட்டுப் போவோம். இன்று பாதி இட்டேரி தார் ரோடாகிவிட்டது. கிளுவை இருந்த இடத்தில் கம்பி வந்துவிட்டது. கம்பி வேலி ஆட்டை நிறுத்தும். ஆமைக்கு நிழலும் தராது, மறைவும் தராது.

உங்கள் வேலியை நீங்கள் எடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கிளுவை வெட்டிக் கட்ட ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று ஒரு பொழுது அது உங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றால் எப்படி வைத்துக்கொள்வது?

முதலில் மெதுவாகத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். நடுவில் தொப்புள் போல ஒரு வடு இருக்கும். அது மூடியிருந்தால் நல்லது. முட்டையின் மஞ்சள் கரு சின்னப் பை போல வெளியே புடைத்துக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள், அழுத்தாதீர்கள், பிய்க்காதீர்கள். பிறந்த குஞ்சுக்கு முதல் சில நாளைய கட்டுச்சோறு அதற்குள்தான் இருக்கிறது. சோற்றைத் தொடாததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. பை வெளியே இருந்தால் மண்ணில் விடாமல், சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அதன்மேல் வையுங்கள். மூக்கு நுனியில் வெள்ளையாகச் சின்னக் கூர் ஒன்று இருக்கலாம். ஓட்டை உடைத்து வருவதற்கான முட்டைப் பல் அது, தானாக விழுந்துவிடும்.

அகலமான அட்டைப்பெட்டியோ பழைய பிளாஸ்டிக் டப்போ போதும். கண்ணாடித் தொட்டி வேண்டாம். கண்ணாடியை அது தடை என்று புரிந்துகொள்ளாது, நாளெல்லாம் முட்டிக்கொண்டே கிடக்கும். அடியில் அதே காட்டு மண்ணைப் பரப்புங்கள். ஒரு மூலையில் மண்ணை லேசாக நனைத்து, அதன்மேல் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து நுழைவழி வையுங்கள். அதற்கு மறைவு வேண்டும். ஒளிய இடமில்லாத ஆமை தின்னாது. அப்புறம் எறும்பு. இதை யாரும் நினைப்பதில்லை. ஓடு இளசாக இருக்கும் குஞ்சை இரவோடு இரவாக எறும்பு கடித்துக் கொன்றதைப் பார்த்திருக்கிறேன். பலகாரம் வைக்கும் அலமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதே போலப் பெட்டியை ஒரு முக்காலி மேல் வைத்துக் கால்களைக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு மருந்து தூவ வேண்டாம், அது ஆமைக்கும் விஷம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஆமைக்குத் தாகம் உண்டு, ஆழம்தான் ஆகாது. சாம்பார் ஊற்றும் தட்டு போன்ற சின்னத் தட்டில், குஞ்சின் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் அதில் நிற்க விடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தி நிறையக் குடிக்கும். சுண்ணாம்பு போல வெள்ளையாக எதையாவது கழித்தால் பயப்படாதீர்கள், அதன் சிறுநீர்க் கழிவு அப்படித்தான் இருக்கும். கூடவே சாணமும் போட்டுவிடும். துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

வெயில் விஷயத்தில்தான் அதிக கவனம் வேண்டும். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். பகலில் 28 முதல் 32 டிகிரி வரை இருந்தால் சுறுசுறுப்பாக இருக்கும். இளங்காலை வெயில் ஒரு அரை மணி நேரம் காட்டலாம், ஆனால் பாதிப் பெட்டிக்கு நிழல் கட்டாயம் வேண்டும். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உள்ளே சூடு ஏறி வெந்தே போய்விடும். இவ்வளவு சின்ன உடம்புக்குச் சில நிமிடங்கள் போதும். ராத்திரியில் நேர்மாறாக, மழைக் குளிர் தாக்காமல் வீட்டுக்குள், மின்விசிறிக் காற்று படாத இடத்தில் இருக்கட்டும். மூக்கில் நுரை கட்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ சளி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கை வைத்தியம் கிடையாது.

தின்னக் கொடுப்பது இதில் மிகச் சுலபம். நல்லது எல்லாம் உங்கள் காட்டிலேயே இருக்கிறது. அருகம்புல், கொழுக்கட்டைப் புல்லின் இளந்தளிர், செம்பருத்தி இலையும் பூவும், கோவைக் கொடியின் இலை, மருந்து அடிக்காத மல்பெரி இலை. பட்டுப்பூச்சி வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கேட்டு வாங்கலாம். சப்பாத்திக்கள்ளி மடலின் முள்ளைப் பொசுக்கி, தோலைச் சீவி, பொடியாக நறுக்கி வைத்தால் விரும்பித் தின்னும். இவற்றில் இரண்டு மூன்றைக் கிள்ளிப் போட்டு வைத்துவிட்டு ஆள் நகர்ந்துவிட வேண்டும். வாயைத் திறந்து ஊட்டாதீர்கள். ஒரு நாள் இரண்டு நாள் தின்னாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஆகாதவை: சோறு, பால், தயிர், ரொட்டி, பிஸ்கட், முட்டை, கறி, நாய்க்குப் போடும் தீனி. இது புல் தின்கிற உயிர். பால் அதன் குடலுக்குச் செரிக்காது. கீரைகளில் பாலக்கை ஒதுக்குங்கள், அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. தக்காளியும் வெள்ளரியும் மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தண்ணீர்தான் இருக்கிறது, ஓட்டுக்கு வேண்டியது இல்லை.

ஓட்டைப் பற்றி ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் கால்நடை மருத்துவராக இந்தப் பக்கமே வேலை பார்த்தேன். ஒரு நாள் ஒரு குடும்பம், மூன்று வருடமாக வீட்டுக்குள் வைத்து வளர்த்த நட்சத்திர ஆமையைக் கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் வைத்து, தினமும் தக்காளியும் முட்டைக்கோசும் போட்டிருக்கிறார்கள். அன்பில் குறையே இல்லை, அந்த வீட்டுப் பாட்டி அதற்குச் சின்னத் துணியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தார். ஓட்டைத் தொட்டேன். கொட்டாங்குச்சி போல இருக்க வேண்டியது இளநீர் வழுக்கை போல உள்ளே அமுங்கியது. காலை ஊன்ற முடியவில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் நேராகப் பட்டால்தான் ஆமைக்கு வைட்டமின் டி கிடைக்கும், அது இருந்தால்தான் சுண்ணாம்பு எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரை மட்டும் விடாது. மூன்று வருடம் வெயிலில் இருந்தது போலவே தெரிந்தது, ஒரு நாளும் வெயில் கிடைக்கவில்லை. என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பாட்டி அழுததை நான் மறக்கவில்லை.

பிறந்த குஞ்சின் ஓடு நம் நகத்தைப் போல லேசாக வளையும், அது இயல்பு. மாதக்கணக்கில் வளர்ந்த பிறகும் அப்படியே இருந்தால்தான் நோய்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழுத்திலும் தொடை இடுக்கிலும் உண்ணி பிடித்த ஒரு ஆமை வந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை அளவு குறைத்து அதற்கும் போட்டேன். மறுநாள் கை கால் செயலிழந்து, தலை தொங்கிச் செத்துப்போனது. அந்த மருந்து ஆமைகளுக்கு விஷம் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் பட்டியில் அந்த மருந்து கட்டாயம் இருக்கும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஊசியாகவும் வேண்டாம், வாய் வழியாகவும் வேண்டாம், ஓட்டில் ஊற்றவும் வேண்டாம். உண்ணி இருந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் போதும்.

பொக்லைன் பட்டு ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடு நகம் மாதிரி உணர்ச்சியில்லாத பொருள் அல்ல, அது அதன் விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஆனது. விரிசல் என்றால் எலும்பு முறிவு. பசை போட்டு ஒட்டாதீர்கள், மஞ்சளைக் குழைத்து அப்பாதீர்கள், அழுக்கு உள்ளேயே நின்று சீழ் பிடிக்கும். உப்புத் தண்ணீராகக் கடையில் விற்கும் சலைன் பாட்டிலால் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஈ மொய்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நாய் கடித்ததற்கும் இதேதான். ஊர் கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கிடைக்கும். பெரிய காயம் என்றால் நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வளர்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூடாது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நட்சத்திர ஆமை முன்பு நான்காவது அட்டவணையில் இருந்தது. 2022இல் செய்த திருத்தம் அதை முதல் அட்டவணைக்குக் கொண்டு போனது, 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடித்து வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இவ்வளவு கடுமைக்குக் காரணம் இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாகக் கடத்தப்படும் தரை ஆமைகளில் இது ஒன்று. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் துணி சுற்றி அடைத்த குஞ்சுகளை எத்தனையோ முறை பிடித்திருக்கிறார்கள். 2019இல் உலக நாடுகள் கூடி, காட்டிலிருந்து பிடித்த இந்த ஆமையை நாடு விட்டு நாடு விற்பதைத் தடை செய்தன. காட்டிலிருந்து ஒன்று இரண்டாக எடுத்துச் சேர்த்துக் கொடுப்பவர்கள் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான். யாராவது வந்து குஞ்சுக்கு விலை பேசினால் கொடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, தம்பி. அதே சட்டம், காட்டு உயிர் ஒன்று எப்படியாவது கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்கச் சொல்கிறது. நேற்று மத்தியானம்தான் கிடைத்தது என்கிறீர்கள். இன்றே உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, எங்கே, எப்படிக் கிடைத்தது, காயம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். காயமில்லாத குஞ்சு என்றால் எடுத்த இடத்திலேயே விடச் சொல்வார்கள், அல்லது ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள். கோவை வ.உ.சி. பூங்காவில் விட்டுவிடலாம் என்று பழைய ஞாபகத்தில் யாராவது சொல்லக்கூடும். அந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022இல் ரத்தாகிவிட்டது, அங்கே கொண்டு போக வேண்டாம்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வளர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இது முப்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர். உங்கள் மகள் படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் அது இருக்கும். பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரவே எட்டுப் பத்து வருடம் ஆகும். அதாவது காட்டிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு குஞ்சும் பத்து வருடம் கழித்து அந்த வேலியில் முட்டையிட வேண்டிய ஒன்று. இன்னொன்று, ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது, தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவில் 1975லேயே சின்ன ஆமைகளின் விற்பனையைத் தடை செய்ததற்கு இதுதான் காரணம். நேற்றிலிருந்து தொட்ட எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், அந்த வாளியையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆமை வீட்டுக்குள் புகவில்லை, நாம்தான் அதன் வீட்டுக்குள் பொக்லைன் விட்டுவிட்டோம். அது தன் இடத்துக்குப் போனால் போதும். ஆமையை வைத்துக்கொண்டால் காசு சேரும் என்று நம்பும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. உருப்படாது என்று பயந்து குளத்தில் எறிவதும், காசு வரும் என்று தொட்டியில் அடைப்பதும், ஆமைக்கு முடிவு ஒன்றுதான்.

இனி விடும் விதம். எடுத்த இடத்திலேயே விட வேண்டும். பக்கத்து மலை, அமராவதிக் காடு என்று தூரமாகக் கொண்டு போய் விடுவது நல்ல எண்ணமாகத் தோன்றும், ஆனால் அது அதன் ஊர் இல்லை. தெற்கத்தி நட்சத்திர ஆமையும் வடமேற்கு இந்தியாவின் ஆமையும் மரபிலேயே வேறுபட்டவை. எங்கே பிறந்ததோ அந்த மண்ணோடு சேர்ந்து உருவான உயிரை இடம் மாற்றிக் கலக்கக் கூடாது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகோ, மறுநாள் விடிந்து இளவெயில் வந்த பிறகோ போங்கள். விடுவதற்கு முன்னால் தட்டில் ஒரு முறை தண்ணீர் காட்டிவிடுங்கள். அந்த இடத்தில் வேலி போய்விட்டது என்பதால், அதே வரிசையில் இன்னும் எடுக்காமல் நிற்கிற கிளுவைக்குப் போங்கள். நூறு அடி தள்ளி இருந்தால் பரவாயில்லை. எறும்புப் புற்று இல்லாத இடமாகப் பார்த்து, சருகுக்குள், தலை வேலியின் உட்பக்கம் பார்த்திருக்கும்படி வைத்துவிட்டுப் பின்னால் வாருங்கள். நாய் கூட வந்திருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு ஓட்டில் பெயிண்டோ நகப்பூச்சோ பூச வேண்டாம். அந்த வண்ணக் கோடுகள் காய்ந்த புல்லின் நிழலோடு கலந்து அதை மறைப்பதற்காக இருப்பவை, அதன்மேல் பளிச்சென்று ஒன்று பூசினால் காக்கைக்குக் காட்டிக்கொடுத்தது போலாகும். கீரி, உடும்பு, காக்கை என்று எதிரிகள் உண்டுதான். எல்லாக் குஞ்சும் பிழைக்காது. ஆனால் பிழைக்கிற வாய்ப்பு வேலிக்குள்தான் இருக்கிறது, வாளிக்குள் இல்லை.

அந்த மண்ணை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு குழியில் ஒரே ஒரு முட்டை இருப்பது அபூர்வம். கூடப் பிறந்தவை புரண்ட மண்கட்டிக்குள் சிக்கியிருக்கலாம். கையால் மெதுவாக உதிர்த்துப் பாருங்கள், மண்வெட்டி வேண்டாம். பொரியாத முட்டை தென்பட்டால் எடுக்காதீர்கள், உருட்டாதீர்கள். உள்ளே கரு ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், திருப்பினால் செத்துவிடும். எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, நாலு விரல் மண்ணைத் தூவி மூடி, நாலு கல்லை அடையாளமாக வைத்துவிட்டு, வனத்துறை ஆள் வரும்போது காட்டுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். மிச்சமிருக்கும் கிளுவை வேலியை, முடிந்தால் அப்படியே விட்டுவிட்டு அதற்கு உட்பக்கமாகக் கம்பியை ஓட்டிக்கொள்ளுங்கள். ஓரிரு அடி நிலம்தான் குறையும். அப்படி முடியாது என்றால் மழைக்காலம் தீர்ந்து தை பிறக்கும் வரையாவது பொக்லைனை நிறுத்தி வையுங்கள், மண்ணுக்குள் காத்திருப்பவை வெளியே வந்துவிடும். கம்பி வலையாகக் கட்டினால் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பெரிய ஆமையும் அதில் நுழைந்து போகும், ஆடு போகாது.

கண்ணை, உங்கள் மகளைத்தான் சொல்கிறேன், விடும்போது கூட்டிப் போங்கள். பேர் வைத்திருந்தால் அந்தப் பேரிலேயே அனுப்பி வைக்கட்டும். மழை விட்ட காலைகளில் அந்த வேலியோரம் சத்தமில்லாமல் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். புல் நுனி கடித்த மாதிரி இருக்கிறதா, ஈர மண்ணில் சின்னத் தடம் இருக்கிறதா என்று பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஒரு நாள் பெரிய ஆமையே எதிரில் வந்தாலும் வரும். வந்தால் தொட வேண்டாம், நின்று வழி விட்டால் போதும்.